பூவாடைக்குப் போகாதே

தம்பி,

நேற்று சாயங்காலம் நீ போனில் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு "சரிப்பா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அதை நீ சம்மதமாக எடுத்துக்கொண்டிருப்பாய். என் "சரி" என்ன லட்சணம் என்பது உன் அம்மாவுக்குத் தெரியும். அவள் உயிரோடு இருந்திருந்தால் அந்த நிமிடமே போனைப் பிடுங்கி, "அவரு சரின்னா சரின்னு அர்த்தமில்லடா, பயந்துட்டாருன்னு அர்த்தம்" என்று சொல்லியிருப்பாள். நீ சந்தோஷமாகப் பேசினாய். சிங்காரப்பேட்டைப் பக்கத்து நம் ஊரிலிருந்து பெரியப்பா உன்னை அழைத்தார், வெள்ளிக்கிழமை சௌமியாவையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார், கல்யாணத்துக்கு முன்னால் நம் கிணற்றில் பூவாடைக்காரியை அழைக்க வேண்டும் என்றார், இத்தனை வருஷ மனத்தாங்கல் இதோடு தீர்ந்தது என்றாய். நீ போகக் கூடாது தம்பி. சௌமியா கண்டிப்பாகப் போகக் கூடாது. ஏன் என்று வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. ராத்திரி முழுக்க முயன்று பார்த்தேன். அதனால் தாளில் எழுதி, பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உன் போனுக்கு அனுப்புகிறேன். என் கையெழுத்து உனக்குப் பழக்கம்தான். சௌமியாவுக்குத் தமிழ் படிக்க நேரமாகும் என்பாயே, நீயே வாசித்துக் காட்டு. எதையும் விட்டுவிட்டு வாசிக்காதே.

அவள் வீட்டில் தெலுங்கு. அவர்களிடம் இந்த வழக்கம் உண்டா என்று எனக்குத் தெரியவில்லை, அதனால் அவளுக்காகக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். நம் வீடுகளில் கல்யாணம் என்றால், அதற்கு முன்னால் அந்தக் குடும்பத்தில் செத்துப்போன பெண்களை அழைத்து உத்தரவு கேட்பார்கள். பக்கத்தில் கிணறோ ஏரியோ எது இருக்கிறதோ அங்கே போய், புதுச்சேலை, பூ, மஞ்சள், வளையல் எல்லாம் வைத்து, பம்பை அடித்துக் கூப்பிடுவார்கள். கூட வந்த பெண்களில் யாருக்காவது அருள் வரும். இன்னார் வந்திருக்கிறேன் என்று பேர் சொல்லும். தண்ணீரைக் கலசத்தில் எடுத்து, கல்யாண வீட்டுக்குக் கொண்டுவந்து, நடுவீட்டில் வைத்துக் கும்பிடுவோம். செத்தவள் வீட்டுக்கு வந்து, நம்மோடு இருந்து, கல்யாணம் பார்த்துவிட்டுப் போகிறாள் என்று கணக்கு. பயப்பட ஒன்றுமில்லை. என் அம்மா அதில் அழுது சிரித்துப் பேசுவதைப் பார்த்திருக்கிறேன். அது ஒரு நல்ல வழக்கம் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

நான் தொழிற்சாலையில் என்ன வேலை செய்தேன் என்று உனக்குத் தெரியும். மெஷினிலிருந்து வருகிற உதிரிபாகத்தைக் கேஜ் வைத்து அளந்து, ஏற்பதா தள்ளுவதா என்று சொல்கிற வேலை. பளபளப்பாக இருக்கும், கையில் எடுத்தால் குறையே தெரியாது, ஆனால் அளவு தப்பியிருக்கும். நேற்று நீ சொல்லச் சொல்ல எனக்கு அந்தப் பழக்கம்தான் வந்தது. பூவாடையைக் கல்யாணம் நடக்கிற வீட்டுக்கு அழைக்க வேண்டும். கல்யாணம் ஓசூரில். ஊர்க் கிணற்றில் அழைத்துக் கலசத்தை எங்கே கொண்டுபோவது? பங்காளிகள் அத்தனை பேரும் கூட வர வேண்டும். பெரியப்பா "ஜனம் எல்லாம் வேணாம், நீங்க ரெண்டு பேர் மட்டும் வந்தாப் போதும், அப்பனுக்கு முட்டி வலி, அவன் வர வேணாம்" என்றாராம். பம்பைக்காரர் இல்லாமல் பூவாடை இல்லை. "சத்தம் எதுக்கு, நம்மளே கூப்பிட்டுக்கலாம்" என்றாராம். கழுத்தில் தாலி ஏறாத பெண் வேறு வீட்டுப் பெண். அவளை நம் கிணற்றடியில் நிறுத்தி நம் வீட்டுச் செத்தவளை அழைக்கிற வழக்கத்தை நான் கேள்விப்பட்டதே இல்லை. இதையெல்லாம் விடு, வயசான மனுஷன், மறந்திருப்பார் என்று சொல்லலாம். நானும் எனக்குள் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். ஆனால் யாரை அழைக்கப் போகிறோம் என்று நீ கேட்டதற்கு "உங்க அத்தை கனகாவை" என்று சொன்னார் பார், அதற்குமேல் எனக்கு எதுவும் காதில் விழவில்லை.

கனகா யார் என்று நீ என்னைக் கேட்டாய். நான் சரிப்பா என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அவள் என் தங்கை. உனக்கு ஒரு அத்தை இருந்தாள் என்பதையே நான் உனக்குச் சொன்னதில்லை. நம் வீட்டில் அவள் படம் கிடையாது. நான் கிருஷ்ணகிரியில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது அவள் ஊத்தங்கரைக்குத் தையல் படிக்கப் போய் வந்துகொண்டிருந்தாள். அங்கே நெல் மில்லில் வேலை பார்த்த ஒரு பையனைக் கட்டிக்கொள்கிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டாள். நம் ஆள் இல்லை. ஒளித்துவைக்கத் தெரியாதவள், எங்கள் அப்பாவுக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னாளாம். பிறகு ஒரு நாள் விடுதிக்கு ஆள் வந்தது, தங்கச்சி கிணற்றில் தவறி விழுந்துவிட்டாள் என்று. நான் போனபோது அவளைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். எனக்கு அந்தக் கிணற்றில் நீச்சல் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். மேல் படியிலிருந்து குதித்து, அடியிலிருந்து மண் எடுத்துக்கொண்டு வந்து காட்டுவாள். அவளுக்கு முகத்தில் மஞ்சள் பூசியிருந்தார்கள், அது வழக்கம். இரண்டு மணிக்கட்டிலும் அதைவிடத் தடிமனாக, அடையாக அப்பியிருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். என் அண்ணன், உன் பெரியப்பா, என் பக்கத்தில் வந்து தோளில் கை போட்டு, "என்னாடா பாக்கற?" என்றார். "ஒண்ணுமில்லண்ணா" என்றேன். என் அம்மா மட்டும் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், கேட்காதே என்கிற மாதிரி.

என் கல்யாணத்துக்குப் பூவாடை அழைத்தபோது, கனகாவுக்கு ஒரு பாவாடை தாவணி வைத்துக் கூப்பிடலாம் என்று என் அம்மா கெஞ்சினாள். வயசுக்கு வந்து கல்யாணமாகாமல் போனவளைக் கட்டாயம் அழைக்க வேண்டும். அண்ணன் கிணற்றடியில் எல்லார் எதிரிலும் சொன்னார், "அவ பேரை எவன் எடுத்தாலும் இந்தப் பூஜையே கெடையாது. கெளம்புங்க." அன்றைக்கு வந்தவர்களில் அவளுக்காக யாரும் வாய் திறக்கவில்லை. அதன்பிறகு அவர் மகன்களின் கல்யாணத்திலும் அழைக்கவில்லை. அவள் பேரே எடுக்கக் கூடாது என்றிருந்தவர், இப்போது உன்னிடம் அவளைத்தான் அழைக்க வேண்டும், சௌமியாவும் கூட இருக்க வேண்டும் என்கிறார்.

இதோடு நிறுத்தினால், அப்பாவுக்குப் பழைய சந்தேகம், வயசாகிவிட்டது என்று நீ சொல்வாய். எனக்கே அந்தச் சந்தேகம் உண்டு. நான் எதையும் முழுதாக நம்பி வளர்ந்தவன் இல்லை. ஆனால் இதில் நீயும் இருக்கிறாய். உனக்குச் சின்ன வயதில் பேய் பிடித்ததை நீ உன் சிநேகிதர்களிடம் வேடிக்கையாகச் சொல்வாய். "எங்கப்பா சயின்ஸ் படிச்சவரு, எனக்குப் பேய் ஓட்டினாரு, உச்சியில முடி போச்சு" என்று நீ சிரிக்கும்போதெல்லாம் நான் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவேன். உனக்கு முடி போனது மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது. மீதியைச் சொல்கிறேன்.

அப்போது நாம் சிப்காட்டுக்குப் பின்பக்கம் லைன் வீட்டில் குடியிருந்தோம். உனக்குப் பள்ளிக்கூடம் சேர்க்கிற வயது. பின்கட்டில் துணி துவைக்கிற கல்லும் சிமெண்ட் தண்ணித் தொட்டியும் இருக்கும். ஒரு நாள் மத்தியானம் அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு அக்கா நிற்கிறது என்று சொன்னாய். அழவில்லை, கத்தவில்லை, தண்ணி வேண்டும் என்று கேட்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாய். "தலையத் தொங்கப் போட்டுனு நிக்குது. துணியெல்லாம் ஈரம்." உன் அம்மா போய்ப் பார்த்துவிட்டு யாரும் இல்லை என்றாள். "கையைப் பின்னால வெச்சினு நிக்குது" என்றாய். அதன்பிறகு நீ பின்கட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டாய். ஒன்றுக்குப் போகக்கூடத் தெருப்பக்கம்தான். சில நாள் ஒன்றும் இருக்காது, ஓடியாடி விளையாடுவாய். சில நாள் மூலையில் உட்கார்ந்து, உன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோர்த்துக்கொண்டு, கூப்பிட்டால் திரும்பாமல் இருப்பாய். அப்படி உன்னை முதலில் பார்த்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் அம்மாவிடம் காரணம் சொல்லவில்லை. கனகாவின் மணிக்கட்டைப் பற்றி நான் உலகத்தில் ஒருவரிடமும் சொன்னதில்லை. ஐந்து வயதுக்குள் இருக்கிற உனக்கு அது எப்படித் தெரியும்?

நான் எனக்குத் தெரிந்த முறையில் ஆராய்ந்தேன். பழுது எங்கே என்று தெரியாதபோது ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க வேண்டும், இரண்டை ஒன்றாக மாற்றக் கூடாது. முதலில் கொடியில் காய்கிற சேலையை இடம் மாற்றினேன். தொட்டிக்கு மேல் ஒரு தகரம் போட்டு நிழலை மாற்றினேன். தொட்டியைக் காலிசெய்து கவிழ்த்து வைத்தேன், குழாய் ஒழுகுகிற சத்தத்தை நிறுத்தினேன். நான் டேப்பை வைத்துக்கொண்டு பின்கட்டில் குனிந்து நிற்பதைப் பார்த்து அம்மா, "என்னங்க, பேயோட உயரத்தை அளக்கறீங்களா? ஜாக்கெட் தெச்சுக் குடுக்கப் போறீங்களா?" என்றாள். எதிர்வீட்டு ஜெயம்மா கன்னடக்காரி, நீ பாதி நாள் அங்கேதான் சாப்பிட்டு வளர்ந்தாய். அவள் வந்து, "சார், இதெல்லாம் கம்பெனி மெஷின் இல்ல. மகுவுக்கு, கொழந்தைக்கு, காத்து பட்டிருக்கு. அஞ்செட்டி மேல ஒருத்தரு இருக்காரு, கூட்டினு போங்க" என்றாள். எனக்கு நம்பிக்கை இல்லை. வேண்டாம் என்று சொல்லத் தைரியமும் இல்லை.

தேன்கனிக்கோட்டை போய், அங்கிருந்து அஞ்செட்டி பஸ்ஸைப் பிடித்து, இறங்கி மலைப்பக்கம் நடந்தோம். நீ என் தோளில் தூங்கிவிட்டாய். அந்த ஆள் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தார், கையைத் துடைத்துவிட்டு வந்து உன்னை உட்கார வைத்து நெற்றியில் திருநீறு பூசினார். "யாரு நீ? எங்கேருந்து வந்த? வாயத் தொறந்து சொல்லு" என்று உன்னிடம் கேட்டார். உனக்குள்ளிருந்து அது பேச வேண்டும் என்று அவருடைய எண்ணம். நீ அவரை நிமிர்ந்து பார்த்து உன் சொந்தக் குரலில்தான் சொன்னாய்: "அக்காவால பேச முடியாது தாத்தா. வாயில துணி வெச்சிருக்கு." உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அதுவரை மணிக்கட்டு மட்டும்தான் தெரியும். வாயில் துணி எனக்கும் புதுசு. அவர் என்னைப் பார்த்து, "உங்க ஊட்டுல அப்படி எதுனா பொண்ணு செத்துதா? பேரு இருந்தா சுலுவாக் கட்டலாம்" என்றார். "தெரியாதுங்க" என்றேன். "செரி, தெரியாட்டியும் கட்டலாம்." உன் உச்சியிலிருந்து ஒரு கற்றை முடியை எடுத்து முறுக்கி, புளியமரத்தில் வைத்து ஆணி அடித்தார். நீ வலியில் கத்தினாய். எனக்கு அந்தச் சுத்தியல் சத்தம் இன்னும் போகவில்லை. கையைக் கட்டிச் சாகடிக்கப்பட்டவளை, பேர்கூடச் சொல்லாமல், நான் இன்னொரு தடவை கட்டிவிட்டு வந்தேன். திரும்பி வருகிற பஸ்ஸில் அம்மா, "யாருங்க அது?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

கொஞ்ச நாள் நீ நன்றாக இருந்தாய். அம்மாவுக்கு வெற்றி. "படிச்ச படிப்பு செய்யாததை ஒரு ஆணி செஞ்சுது பாருங்க" என்று தெரு முழுக்கச் சொன்னாள். பிறகு உன் பெரியப்பா டிராக்டர் வேலையாக ஓசூர் வந்து நம் வீட்டில் இரண்டு நாள் தங்கிப் போனார். அவர் பஸ் ஏறின அன்றைக்கே நீ மறுபடி மூலையில் உட்கார்ந்து கையைப் பின்னால் கோர்த்துக்கொண்டாய். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, நான் வீட்டில் எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தேன், ஒன்றை மட்டும் மாற்றவில்லை என்று. முதல் தடவை நீ சொன்னதும் அவர் வந்துபோன பிறகுதான். அடுத்த தடவையும் அப்படியே. அவர் வராத மாதத்தில் அந்த அக்காவும் வரவில்லை. கணக்கு கண்ணெதிரில் இருந்தது. ஆனால் அளவுகோல் நமக்குப் பிடிக்காத அளவைக் காட்டினால் முதலில் அளவுகோல்மேல்தான் சந்தேகம் வரும். நான் அப்படித்தான் சந்தேகப்பட்டேன், என்மேலேயே.

அடுத்து அவர் வந்தபோது, தலைவலி என்று சொல்லி மத்தியானமே கம்பெனியிலிருந்து வந்துவிட்டேன். அம்மா கடைக்குப் போயிருந்தாள். சமையலறையில் நின்று பின்கட்டைப் பார்த்தேன். அவர் துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தார். நீ அவர் முழங்கால்களுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தாய். உன் இரண்டு கையையும் பின்னால் இழுத்து, அவர் தோள் துண்டால் முடிச்சுப் போட்டிருந்தார். முகத்தில் சிரிப்பு. பிள்ளையோடு விளையாடுகிற மாதிரிதான் யார் பார்த்தாலும் சொல்வார்கள்.

"இன்னொரு தபா அந்தக் கன்னடக்காரி ஊட்டுல சோறு தின்னுவியா?"

நீ கையை உருவப் பார்த்தாய்.

"உங்க அத்தைன்னு ஒருத்தி இருந்தா. அவளும் இப்படித்தான், சொன்னா கேக்க மாட்டா. கண்டவன் ஊட்டுக்குப் போவேன்னா. கையைப் பின்னால கட்டி, கத்தாம இருக்கறதுக்கு வாயில துணிய வெச்சு, தண்ணியில எறக்கி உட்டுட்டோம். இன்னும் ஈரத்தோட அங்கியேதான் நின்னுனு இருக்கா. உன்னையும் பக்கத்துல நிக்க வெக்கட்டா?"

"வேணாம் பெரியப்பா. நான் கேக்கறன்."

"ஆங். அப்படி இரு. எங்க அப்பன் பேரைக் காப்பாத்தற பிள்ளை நீ."

நான் சமையலறையிலிருந்து வெளியே வந்தேன். அவர் என்னைப் பார்த்தார். முடிச்சை அவசரப்படாமல் அவிழ்த்தார். நான் கேட்டது அவருக்குத் தெரியும், அவருக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். "அண்ணா, காபி போடட்டுமா?" என்றேன். அவ்வளவுதான் வந்தது என் வாயிலிருந்து. "சர்க்கரை கம்மியா போடு" என்றார்.

இதற்கு அப்புறம் நான் செய்ததெல்லாம் உனக்குத் தெரியும், காரணம்தான் தெரியாது. அந்த லைன் வீட்டை விட்டு, வருகிறவருக்குப் படுக்க இடமில்லாத ஒற்றை அறை வீட்டுக்கு உங்களைக் கொண்டுபோனேன். அம்மா என்னை நாள் கணக்கில் திட்டினாள். ஒவ்வொரு பொங்கலுக்கும் உனக்கு ஏதோ ஒரு பரீட்சை இருந்தது, ஒவ்வொரு திருவிழாவுக்கும் எனக்குச் செகண்ட் ஷிப்ட் இருந்தது. நாலு எழுத்துப் படித்ததும் சொந்தக்காரர்களை மதிக்காதவர் என்று நீயே என்னைப் பற்றி உன் அம்மாவிடம் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். அதை மறுத்துப் பேச முடியவில்லை. எதிர்த்து நிற்கத் தெரியாதவன் விலகி நிற்கத்தான் கற்றுக்கொள்வான். அந்த அக்கா மறுபடி உனக்கு வரவில்லை. ஆணியால் அல்ல. நாளைக்கு உனக்கொரு பிள்ளை பிறந்து, மூலையில் யாரோ நிற்கிறார்கள் என்று சொன்னால், பூசாரியிடம் போகாதே, என்னை மாதிரி தொட்டியையும் கவிழ்க்காதே. வீட்டுக்கு யார் வந்துபோனார்கள் என்று பார். பிள்ளைகள் பேயைச் சும்மா உண்டாக்குவதில்லை. பெரியவர்கள் சொல்லாமல் வைத்திருப்பதைத்தான் அவர்கள் பார்க்கிறார்கள்.

சௌமியாவைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று நீ சொன்ன அன்றைக்கு எனக்குச் சந்தோஷமும் நடுக்கமும் சேர்ந்தே வந்தது. உன் கண்ணில் நடுக்கம்தான் பட்டிருக்கும். சாதி பார்க்கிறேன் என்று நினைத்தாய், மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான் அவளைப் பார்த்துப் பயப்படவில்லை தம்பி. செய்தி ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது பெரியப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் கத்தியிருந்தால், சபித்திருந்தால், எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். போன வாரம் என்னைக் கூப்பிட்டு, மாங்காய் விளைச்சல், மழை, முட்டி வலி என்று பேசிவிட்டு, நடுவில், "அந்தப் பொண்ணு வேலைக்கு எதுல போவுது? கம்பெனி பஸ்ஸா, சொந்த வண்டியா?" என்றார். "ஸ்கூட்டிண்ணா, பாகலூர் ரோட்டுல போகும்" என்று சொல்லிவிட்டேன். கேட்டதும் பதில் சொல்லிவிட்டேன் தம்பி. அவர் குரல் கேட்டால் என் வாய் தானாகத் திறக்கிறது, இந்த வயதிலும். போனை வைத்த பிறகுதான் இதை அவர் எதற்குக் கேட்டார் என்று யோசித்தேன். அவர் கிழவர், படி ஏற முடியாது. ஆனால் அவருடைய இரண்டு மகன்கள் கிழவர்கள் இல்லை. மூத்தவன் டிப்பர் லாரி ஓட்டுகிறான். இந்தக் கடிதம் படித்த நிமிடத்திலிருந்து சௌமியா ஸ்கூட்டியைத் தொடக் கூடாது.

இன்று காலை, விடிந்ததும், நான் அண்ணனைக் கூப்பிட்டேன். என்ன பேச வேண்டும் என்று முதலில் தனியாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். "அண்ணா, பசங்க வெள்ளிக்கிழமை வரமாட்டாங்க" என்றேன்.

"ஏன்டா?"

"வரமாட்டாங்கண்ணா."

"நீ சொல்றியா, அவன் சொல்றானா?"

"நான்தான் சொல்றன்."

அவர் சிரித்தார். "பரவால்லடா. மொத தபா வாயத் தொறந்திருக்க. அதுக்கென்ன, அங்க கெலவரப்பள்ளி டேம் இருக்குதில்ல? தண்ணி எங்க இருந்தாலும் கூப்பிட்டா வருவா. நாங்களே அங்க வர்றோம். எம் பசங்க ரெண்டு பேரையும் கூட்டினு வர்றேன். பொண்ணை மட்டும் ஊட்டுல இருக்கச் சொல்லு."

அதற்குப் பிறகு என்னால் வீட்டில் உட்கார முடியவில்லை. நம் ஏரியா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கே ஒரு பெண் எஸ்.ஐ. நான் முன்னும் பின்னுமாகச் சொன்னதைக் கேட்டுவிட்டு, "பெரியவரே, பெரியப்பா சாமி கும்பிடக் கூப்பிட்டாருன்னு நான் என்ன கேஸ் போடறது?" என்றார். பக்கத்தில் இருந்த ஏட்டு சிரித்தார். எழுந்து வந்துவிடலாம் என்றுதான் இருந்தது. பிறகு மணிக்கட்டைச் சொன்னேன். துண்டைச் சொன்னேன், அவர் உன் காதில் சொன்ன வார்த்தைகளை அப்படியே சொன்னேன். அந்த அம்மா முகம் மாறிவிட்டது. நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு, "தங்கச்சி பேரு என்ன?" என்று கேட்டார். "கனகா" என்றேன். எழுதிக்கொண்டார். "உங்க பையனும் அந்தப் பொண்ணும் நேர்ல வரணும். ரெண்டு பேரும் சேர்ந்து வரணும். வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்துனு இருக்க வேணாம், இன்னைக்கே வரச் சொல்லுங்க. இந்த மாதிரி ஜோடிங்களைப் பாதுகாப்பா வைக்கறதுக்கு ஏற்பாடு இருக்கு. கல்யாணத்தைப் பதிவு பண்ணவும் சொல்லித் தர்றோம்" என்றார். அவர் நம்பரைக் கடைசிப் பக்கத்தின் பின்னால் எழுதியிருக்கிறேன்.

அதனால் இன்றைக்கே போ. சௌமியாவை அவள் கம்பெனி வாசலிலேயே போய் அழைத்துக்கொள். அவள் அம்மா அப்பாவிடம் இதையெல்லாம் மறைக்காமல் சொல். அவர்களுக்கு நம் வீட்டைப் பற்றி என்ன தோன்றினாலும் சரி, அதற்கு அவர்களுக்கு நியாயம் உண்டு. அவள் உன்னை வேண்டாம் என்று சொன்னால் அதையும் கேட்டுக்கொள். வேண்டும் என்று சொன்னால் இரண்டு பேரும் நேராக ஸ்டேஷனுக்குப் போங்கள். வீட்டுக்கு வராதே. துணி எடுக்க வராதே, என்னைப் பார்க்க வராதே. கல்யாண மண்டபத்துக்கு நானே போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை அவர்கள் வருவார்கள். நான் வீட்டில்தான் இருப்பேன். நானும் போய்விட்டால் அவர்கள் தேட ஆரம்பிப்பார்கள், நான் இருந்தால் கொஞ்ச நேரமாவது இங்கே உட்காருவார்கள். நீ எங்கே என்று அண்ணன் கேட்பார். முதலில் அன்பாகக் கேட்பார், பிறகு வேறு மாதிரி கேட்பார். எனக்கு என்னைத் தெரியும் தம்பி. நான் பொய் சொல்லிப் பழகாதவன், அழுத்திக் கேட்டால் தாங்காதவன். தெரியாது என்று நான் சொல்வது உண்மையாக இருந்தால்தான் என்னால் அதை விடாமல் சொல்ல முடியும். ஆகையால், எந்த ஊருக்குப் போகிறாய், யார் வீட்டில் இருக்கப் போகிறாய் என்று எனக்கும் சொல்லாதே.

அப்பா